சந்திரதாலுக்கு இந்தப் பக்கம்

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே போகவேண்டுமென்றால் முதலில் தெற்கே போகவேண்டும். களியக்காவிளை தாண்டி நாகர்கோவில், அங்கிருந்து காவல்கிணறு போய்த்தான் காஷ்மீர் வரைக்கும் போகிற பெரிய ரோட்டைப் பிடிக்க முடியும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் கண்ணில் வெளிச்சத்தோடு என்னிடம் சொன்ன முதல் விஷயம் இதுதான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது உங்களுக்குப் புதுசா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர் பல்வரிசை எனக்கு மறந்தே போயிருந்தது.

பெயர் குற்றாலலிங்கம். ஆரியசாலையில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். கடையில் நாள் முழுக்க வாய் மூடாமல் விலை பேசுகிற மனுஷன், வீட்டுப் படி ஏறினால் வாயில் கொழுக்கட்டை வந்துவிடும். அடிக்கமாட்டார், வையமாட்டார், குடிக்கமாட்டார். அதனால் நான் குறை சொன்னால் கேட்கிறவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். தங்கமான மாப்பிள்ளை என்று என் அம்மா சாகிறவரை சொன்னாள். தங்கமும் பேசாதுதான்.

மகள் அஸ்வதி இருந்தவரை தெரியவில்லை. அவள் வேலை கிடைத்து டப்ளினுக்குப் போன பிறகுதான் எங்களுக்குள் இருக்கிற பேச்சு எவ்வளவு என்று தெரிந்தது. சாப்பாடு எடுக்கட்டா, மோட்டார் நிறுத்தியாச்சா, கதவு பூட்டியாச்சா. விழிஞ்ஞத்திலிருந்து மீன் கொண்டுவருகிற ரத்னாபாய் நம்முடைய வாசலில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்காரட்டும் என்று வேண்டாத மீனையெல்லாம் வாங்குவேன். ஃப்ரிட்ஜ் முழுக்க அயிலை. இரண்டு பேர் எவ்வளவு அயிலை தின்ன முடியும்?

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் சாயங்காலம் ஃபோனை என் பக்கம் நீட்டினார். யாரோ ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மலைகளுக்கு நடுவே ஒரு நீல ஏரிக்கரையில் ஜீப்பை நிறுத்தி, அடுப்பு மூட்டிச் சாயா போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நாமளும் இதுபோல ஒண்ணு போனா என்னட்டீ?”

“எங்க?”

“சந்திரதால். ஹிமாச்சல்ல, ஸ்பிதிக்கு அங்க. வண்டியிலயே போய், வழிநீளக் கூடாரம் அடிச்சு, நம்ம சோறு நாமளே பொங்கி.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் கடையிலிருந்து விளக்கு வைக்குமுன்னே வந்துவிட்டார். சாப்பாட்டு மேஜையில் உப்புக் குப்பியைக் கோடியில் வைத்து, “இது கன்னியாகுமரி” என்றார். தண்ணீர்ச் செம்பு நாக்பூர். ஊறுகாய் பாட்டில் சண்டிகர். சந்திரதாலுக்கு மேஜை எட்டவில்லை. அதை ஃப்ரிட்ஜின் மேலே ஒரு எலுமிச்சம்பழமாக வைத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஆள் யார்?

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் வாழ்ந்தேன். வேறு எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை. தினம் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மேஜை மேல் ஊர்கள் வந்துவிடும். எந்த ஊரில் ஆரஞ்சுத் தோட்டத்துக்காரன் கூடாரம் போட இடம் தருவான், எங்கே டீசல் கிடைக்காது, உயரத்தில் அரிசி வேகாதே, குக்கர் எடுக்கணுமா. எடுக்கணும் என்று நான் சொன்னேன், வேண்டாம் என்று அவர் சொன்னார், ஒரு வாரம் சண்டை போட்டோம். எனக்கு ஆனந்தமாக இருந்தது. சண்டை போடவும் இரண்டு வாய் வேண்டுமே.

பேச்சு ஒன்றைத் தொட்டு ஒன்றாக எங்கெங்கோ போகும். நாக்பூர் வெயிலைப் பற்றிப் பேசும்போது, பதினெட்டு வயசில் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி நாக்பூர் ஸ்டேஷன் வரை போய்ப் பயந்து திரும்பி வந்த கதையைச் சொன்னார். ஏன் ஓடினீர்கள் என்று கேட்டதற்கு, “அப்பா என்னைக் கடையில உக்காத்தினாரு. எனக்கு ராணுவத்துல சேரணும்னு இருந்தது” என்றார். வத்தல் மூட்டைக்கு நடுவே ஒரு பட்டாளத்துக்காரர் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு இருட்டென்றால் பயம் என்பதை நான் சொன்னேன். அவருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

பழைய பொலேரோ ஒன்று வாங்கி, சாக்கையில் பட்டறை வைத்திருக்கிற விஜினிடம் விட்டோம். அவன் கூரையில் மடக்குக் கூடாரமும் பின்னால் அடுப்புக்கு இழுப்பறையும் வைத்துத் தந்தான். ஒத்திகை பார்க்க வித்துரா பக்கம் தெரிந்தவர் ஒருவரின் ரப்பர்த் தோட்டத்தில் தங்கினோம். மழை கொட்டிக் கூடாரம் ஒழுகி, அவர் காலில் ஏறிய அட்டைகளை நான் உப்பு வைத்து எடுத்தேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ரப்பர் வெட்டுகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேல் வீட்டு ராஜஸ்ரீ, “சேச்சிக்குப் பயமில்லே, இத்தற தூரம் போகான்?” என்று கேட்டாள். எனக்கு என்ன பயம்? இரண்டு வருஷம் பேசியதற்கே இப்படி இருந்தால், போனால் எப்படி இருக்கும் என்றுதான் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடையை அவர் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, ஓணம் கழிந்ததும் புறப்பட்டோம். மதுரை வரைக்கும் பேசினார். பெங்களூர் வரைக்கும்கூட, கொஞ்சம். நாக்பூருக்கு இந்தப் பக்கம் ஆரஞ்சுத் தோட்டத்தில் கூடாரம் விரித்து, சாயா போட்டுக் கையில் கொடுத்தேன். மரத்தடியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார்.

“நாக்பூர் ஆச்சு, அல்லே?” என்றார்.

“ஆமா. நீங்க ஓடிவந்த ஸ்டேஷனைப் பாக்கப் போலாமா?”

“எதுக்கு?”

அவ்வளவுதான். அதோடு நாக்பூர் முடிந்துவிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்க மேஜையில் வைத்துப் பேசிய ஊர். செம்பை எடுத்துக் கழுவிக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

பிறகு ஒவ்வொரு இடமும் அப்படித்தான். பேச்சு எங்கள் கையில் இருந்த வழிச்செலவு. ஊர் வர வர அது தீர்ந்துகொண்டே வந்தது. ஜான்சி, ஆச்சு. சண்டிகர், ஆச்சு. சிம்லாவுக்கு அப்பால் ரோடு மலையின் விலாவில் ஒட்டிக்கொண்டு போகிறது, அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “இடத்தயா வலத்தயா?” என்று மட்டும் கேட்டார். நான் ஃபோனில் பார்த்துச் சொன்னேன். வழி சொல்கிற யந்திரப் பெண் என்னைவிட அதிகமாகப் பேசியிருப்பாள்.

சாங்லாவில் ஆற்றங்கரைத் தேவதாருக் காட்டில் இரண்டு நாள் தங்கினோம். அத்தனை அழகான இடத்தை நான் பார்த்ததில்லை. தண்ணீர் பாறைகளில் மோதிப் பொங்கிப் போகிறது, கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. அவர் ஒரு கல்லில், நான் ஒரு கல்லில். நேந்திரங்காய் உப்பேரி டப்பாவை நீட்டினேன், எடுத்துக்கொண்டார். “நல்ல இடம்” என்றேன். “உம்” என்றார். வீட்டில் இப்படி உட்கார்ந்திருந்தால் டிவி இருக்கிறது, தெருவில் ஸ்கூட்டர் போகிறது, ரத்னாபாய் வருவாள் என்று இருக்கும். இங்கே அவரைவிட்டால் எனக்கு ஆள் இல்லை, அவர் இருந்தும் இல்லை. ஆற்றில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் போய் அழுதேன். தண்ணீர் அத்தனை சத்தம் போட்டதால் வாய்விட்டே அழ முடிந்தது. ஆனால் திரும்பி வந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்திருந்தாலே போதும், தெரிந்திருக்கும். அவர் டயர்க் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, ஹிமாலயத்தில் வந்து புருஷன் பேசவில்லை என்று மூக்கைச் சிந்துகிறேன். நாலு பேர் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் அந்தச் சாப்பாட்டு மேஜையருகே எனக்கு ஒரு மனுஷர் கிடைத்திருந்தார். அவரைத் தேடித்தான் நான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன், அவரோ வீட்டிலேயே நின்றுவிட்டார்.

ஸ்பிதியில் காசா தாண்டி லோசர் என்கிற ஊருக்கு வந்தோம். மரமே கிடையாது. மலைகள் மல்லித்தூள் நிறத்தில் மொட்டையாக நின்றன. அறுத்து முடித்த பட்டாணி வயலோரம் வண்டியை நிறுத்தினோம். எதிரே தெரிந்த கணவாயைத் தாண்டினால் சந்திரதால். மறுநாள் மதியத்துக்குள் போய்விடலாம். நான் குக்கரை அடுப்பில் வைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய சண்டையில் நான்தான் ஜெயித்திருந்தேன், ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்க எதிரே ஆள் இல்லை.

அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கணவாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே பேசினார்.

“நாளைக்குச் சந்திரதாலும் கண்டாச்சுன்னா முடிஞ்சு, அல்லே?”

“முடிஞ்சு.”

“பின்னே திரும்பிப் போக வேண்டியதுதான்.”

“ஆமா.”

“பின்னே?” என்றார்.

நான் அடுப்புத் தீயைக் கொஞ்சம் தணித்தேன். என்ன சொல்ல? பின்னே அதே வழி, அதே ஊர்கள், ஒவ்வொன்றும் தீர்ந்துபோனது. பின்னே வீடு. சாப்பாடு எடுக்கட்டா, மோட்டார் நிறுத்தியாச்சா. ஃப்ரிட்ஜின் மேலே வைக்க ஒன்றும் இருக்காது. வெறும் ஃப்ரிட்ஜும் அதற்குள் அயிலையும்தான். நாளை அந்த ஏரியைப் பார்த்தால், இந்த ஆயுசில் இவர் என்னோடு பேசுவதற்கு வைத்திருந்த கடைசிப் பொருளும் செலவாகிவிடும். குக்கர் விசிலடித்தது.

விடிந்ததும் குழாய்த் தண்ணீர் உறைந்து கிடந்தது. வெயில் மலை உச்சிகளில் மட்டும் இறங்கியிருந்தது. அவர் கூடாரத்தை மடக்கிப் பூட்டிவிட்டு, வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினார். நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவர் கியரில் கை வைத்தார்.

“எனக்குத் தலை வலிக்கி” என்றேன்.

கை நின்றது. “எப்போ முதல்?”

“விடியக்காலம் முதல். பொறுக்க முடியல. கிறக்கமும் இருக்கு.”

எனக்குத் தலைவலியும் இல்லை, கிறக்கமும் இல்லை. பச்சைப்பொய். அவருக்கு என் முகத்தைப் பார்த்துப் பொய் கண்டுபிடிக்கத் தெரியாது என்ற தைரியம்தான். ஆனால் விரலில் மாட்டிப் பிராணவாயு அளவு பார்க்கிற கருவியை மறந்துவிட்டேன். அவர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து என் விரலில் மாட்டினார். இந்த உயரத்தில் எண்பத்தைந்துக்கு மேல் காட்டினால் பயமே இல்லை என்று எனக்குப் படித்துப் படித்துச் சொல்லித் தந்ததே அவர்தான். எண் ஓடி ஓடி நின்றது. தொண்ணூற்றிரண்டு. அவ்வளவு பெரிய எழுத்தில் காட்டினால் யாருக்குத்தான் தெரியாது?

அவர் அந்த எண்ணைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கிலிருந்து தூக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு கருவியைக் கழற்றி, எண் அணையும்வரை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டார்.

“அளவு குறவுதான்” என்றார். “ரிஸ்க் எடுக்கக் கூடாது. திரும்பிரலாம்.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு?”

“ஏரி எங்கயும் போவாதுட்டீ.”

வண்டியைப் பின்னுக்கெடுத்துத் திருப்பினார். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். பட்டாணி வயல்கள் போயின, லோசர் வீடுகள் போயின. அவருக்குத் தெரியும். தெரிந்து பொய் சொன்னார், என்னைப் போலவே, எனக்காகவோ தனக்காகவோ. அப்படியானால் அந்த ஆற்றங்கரையில் இன்னொரு கல்லில் உட்கார்ந்திருந்தவரும் என்ன பேசுவதென்று தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தாரா? இருபத்தெட்டு வருஷமாக என் தனிமையையே எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தவள், அடுத்த அறையில் அதே அளவுக்கு ஒன்று இருந்ததைப் பார்க்கவில்லை. அழுகை வந்தது. இந்த முறை மறைக்கவில்லை. அவர் ஒரு கையால் கைக்குட்டையை எடுத்து என் மடியில் போட்டார். தலை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவே இல்லை.

காசாவுக்கு இறங்குகிற ரோட்டில், தொண்டையைச் செருமிக்கொண்டு என் பெயரைச் சொல்லிப் பேசினார்.

“நான் என்ன நினைக்கேன்னா, பகவதி, அடுத்த தவண மணாலி வழி வரணும். இந்த வழி நமக்குச் சரியாவல்ல.”

“மணாலி வழி ரோடு ரொம்ப மோசம்னு நீங்கதானே சொன்னிய?”

“மோசந்தான். அதுலயும் ஜூலையில வந்தா ஆத்துல தண்ணி கூடும். அப்போ ஆகஸ்ட் கடைசின்னு வச்சுக்க. பொலேரோ பத்தாது, ஃபோர் வீல் வேணும். விஜின்ட கேக்கணும். கூடாரமும் இதுவிட நல்லது வாங்கணும், இது காத்துக்கு ஆடுது, கேட்டியா? உனக்கு உறக்கமில்ல, நான் கண்டேன்.”

கண்டாராம். நான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“மணாலி வழி வந்தா சந்திரதால் முதல்லயே வந்துருமே” என்றேன். “அப்போ கடைசியா எங்க போவோம்?”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். எதிரே ரோடு காலியாகக் கிடந்தது, பின்னால் ஒரு வண்டியும் இல்லை.

“அது ஆலோசிக்கணும்” என்று சொல்லி, வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.