நல்ல தோளின் கிழிசல்

வீட்டில் அவளுக்குப் பெயர் பம்பரம். வைத்தவர் கணவர்தான். பக்கவாதத்தில் வலது கை விழுந்தபிறகு அவரைக் குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது என்று சகலமும் அவள் தலையில்தான். நின்றால் சாய்ந்துவிடுவாள் என்று அவர் கிண்டல் செய்வார். அது மெய்யாகிவிடும் போலிருந்தது. மூட்டுவாதம் ஏற்கெனவே குடியிருந்த அவளுடைய வலது தோளில், போதாக்குறைக்கு ஜவ்வும் கிழிந்திருந்தது.

மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். "ஆபரேஷன் பண்ணிக்கோம்மா. உன் கை கட்டுல இருக்கிறவரைக்கும் அப்பா முதியோர் இல்லத்துல இருக்கட்டும்."

அப்படி 'கொஞ்ச நாளைக்கு' என்று போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள்? அதனால்தான் பம்பரம் பிசியோதெரபி அறையில் சுவரைப் பார்த்து நின்று, விரல்களை மெல்ல மெல்லச் சுவரில் மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கிழிஞ்ச துணிய இழுத்தா இன்னும்தானே கிழியும்? நீங்க என்னடான்னா ஆட்டச் சொல்றீங்க."

"இது துணி இல்லம்மா," என்றாள் பிசியோ. "சுத்தியிருக்கிற தசைக்குப் பலம் வந்தா அது சுமைய வாங்கிக்கும். வலி தாங்குற அளவுக்குச் செஞ்சா போதும்." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஒத்துப்பாக்க இடது தோளையும் ஸ்கேன் எடுத்தோம்ல? அதுலயும் கிழிசல் இருக்கு. அதுதான் பெருசு."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை!

"அதுல வலியே இல்லையே!"

"அதத்தான் சொல்றேன். உங்க வயசுல நிறையப் பேருக்குக் கிழிசல் இருக்கும், வலி இருக்காது. கிழிசலப் பாத்து மட்டும் கத்திய எடுக்க முடியாது. கொஞ்ச மாசம் பயிற்சி பண்ணிப் பாப்போம். ஆனா ஐயா கையத் தூக்கி இழுக்கிறத மட்டும் இப்போதைக்கு விட்டுடுங்க."

வீடு வரும்வரை அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. வலது தோளுக்கு ஒத்தடம், தைலம், இடதுக்கு வேலை மட்டும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு. கடைசியில் சுண்ணாம்பு வைத்த கண்தான் வாய் திறக்காமல் உழைத்திருக்கிறது. இனி எந்தக் கையை நம்புவது? பையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தே தெருவைக் கடந்தாள்.

மறுநாள் காலை மகள் வந்து நின்றாள். "ஆபரேஷன் வேண்டாம்னா, அப்பாவுக்கு எப்படிச் சட்டை மாட்டுவே? காட்டு பாப்போம்."

பம்பரம் சட்டையை விரித்துப் பிடித்தாள். அவர் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. இழுக்காமல் எப்படி மாட்டுவது? மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் போயிற்று என்று நினைத்து, பம்பரம் வாழ்க்கையில் முதன்முறையாகச் சும்மா நின்றாள்.

அப்போது அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டே எழுந்தது. தடவித் தடவிச் சட்டைக்கைக்குள் நுழைந்தது.

"எப்பலேர்ந்து இது?" என்றாள் பம்பரம்.

"ரொம்ப நாளா," என்றார் அவர், குழறலாக. "நீ எங்க விட்டே? நான் அசைக்கிறதுக்குள்ள மாட்டி முடிச்சுடுவியே."

கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் முதியோர் இல்லத்தைப் பற்றி அப்புறம் பேச்செடுக்கவில்லை. அவர் இடது கையால் பொத்தான்களைப் போட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு பொத்தான் ஓட்டை மாறியிருந்தது. திருத்தப் போன தன் கையை, அது எந்தக் கை என்றுகூடத் தெரியாமல், அவள் இழுத்துக்கொண்டாள்.