பதினொரு ரவைகள்

2024 மே 16, வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள ஒரு சுடுதளத்தில், ஷரோன் தன் பிஸ்ரலில் போட்ட ஐம்பது ரவைகளில் பதினொன்று குழலுக்குள் முழுதாக இறங்கவில்லை.

சுட்டு முடிந்த வெற்றுப் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, மருந்தும் முனைச் சன்னமும் புதிதாக ஏற்றி அந்த ரவைகளைச் செய்தவர் அவளுடைய அப்பா வின்சன்ற். வெள்ளிக்கிழமை காலை அவர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வெக்ஸ்போர்ட் வீட்டின் கராஜில் அந்தப் பதினொன்றையும் வரிசையாக நிறுத்திவைத்தார். இருபத்திமூன்று வருடமாகக் கார்ப் பாகங்கள் கடைகிற தொழிற்சாலையில் வேலை. பிழை என்றால் அது அளவில்தான் இருக்கும், அளந்தால் அகப்படும் என்று நம்புகிற மனிதர். நீளத்தை அளந்தார். சன்னத்தின் தடிப்பை அளந்தார். கோதின் வாய் சன்னத்தை இறுக்கிப் பிடிக்கிற இடத்தை அளந்தார். எல்லாம் சரி. தன் பழைய பிஸ்ரலின் குழலைக் கழற்றி, வாயைக் கீழே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ரவையாகப் போட்டார். சரியான ரவை ‘டொக்’ என்று விழவேண்டும், குழலைக் கவிழ்த்தால் தானாக வெளியே வரவேண்டும். பதினொன்றும் விழுந்தன, பதினொன்றும் வந்தன. மறுபடி நீளத்தை அளந்தார். எழுந்து கராஜ் கதவுவரை போனார், திரும்பி வந்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவருடைய அளவுகோல் படவில்லை. அது கோதின் அடி.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஓடி ஓடி இலக்குகளைச் சுடவேண்டும், நேரம் கூடக் கூடப் புள்ளி குறையும். முதல் எட்டுப் பெண்கள் மாகாண அணிக்கு எடுக்கப்படுவார்கள். ஷரோனுக்கு இருபத்தொன்பது வயது, இரண்டு வருடமாக அவள் பதினோராம் இடத்தைத் தாண்டவில்லை. இந்த வசந்தத்தில்தான் ஏழாவதாக, எட்டாவதாக வரத்தொடங்கியிருந்தாள். கடையில் வாங்கும் ரவை கையை உதைக்கும். ஆறு மாதமாக அவள் கை பழகியிருந்தது அப்பா செய்த ரவையின் மெல்லிய உதைப்புக்கு.

மனைவி அன்ரனெற் உள்கதவடியில் வந்து நின்றாள். கராஜுக்குள் அவள் கால் வைப்பதில்லை.

“இஞ்சருங்கோ, பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியில நிக்கிற மனுசன் மாதிரி எத்தினை தரம் நடக்கிறியள்? தேத்தண்ணி ஆறிப்போச்சு.”

“பிள்ளையின்ர குழல்ல ரவை இறங்குதில்லை.”

“அந்தோனியாரிட்டக் கேளுங்கோ.”

“அவர் தொலைஞ்ச சாமானுக்கெல்லே. இது தொலையேல்லை.”

“அப்ப யூதா ததேயுவிட்டப் போங்கோ. ஒருத்தராலயும் ஏலாத கேசுகளை அவர்தான் எடுக்கிறவர்.”

இரண்டு மணிக்கு ஷரோன் வேலையிலிருந்து நேரே வந்தாள். ஒரு கிளினிக்கில் எக்ஸ்-றே எடுக்கிற வேலை, உடுப்புக்கூட மாற்றவில்லை. தன் பேரில் பதிவான பிஸ்ரலை அப்பா வீட்டுக்குக் கொண்டுவரச் சட்டம் விடாது. குழலை மட்டும் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்திருந்தாள். வின்சன்ற் அளவுகளைச் சொல்லத் தொடங்கினார். அவள் கேட்கவில்லை. கறுப்பு மார்க்கரால் ஒரு ரவையை முழுக்கப் பூசி, காயும்வரை ஊதி, தன் குழலுக்குள் போட்டாள். அது பாதி வழியில் நின்றது. ஒருதரம் திருகி இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே படம் பார்ப்பதுபோலப் பிடித்தாள். வாயில் மை அப்படியே இருந்தது. அடிக்குச் சற்று மேலே, ஒரு பக்கத்தில் மட்டும், மை உரிந்து பித்தளை மினுங்கியது.

“வாய் ஓகே அப்பா. அடிதான் வீங்கியிருக்கு.” பிறகு, “என்ர குழல்ல வெடிச்ச கோது இப்பிடி வீங்காது. இது ஆற்ற கோது?”

“உன்ரதான்.”

“அப்பா.”

அவர் அளவுகோலைத் திறந்து மூடினார். “சுடுதளத்தில பக்கத்து லேன் ஆக்கள் விட்டிட்டுப் போன கோதும் கொஞ்சம் கலந்திருக்கு. உன்ர கோதின்ர அடியில இருக்கிற அதே கொம்பனி எழுத்துள்ளதாப் பாத்துத்தான் பொறுக்கினனான்.”

“மற்றாக்களின்ர எடுக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“உன்ரதில பாதி புல்லுக்குள்ள போயிட்டுது பிள்ளை. நானூறு ரவை தாறன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“முந்நூறுதான் இருக்கு எண்டு சொல்லியிருந்தா ஐ வுட் பி ஃபைன்.”

கோதை நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிற அச்சு அடியின் கடைசி இரண்டு மில்லிமீற்றரைத் தொடாது. தளர்ந்த குழல்களில் வெடித்து வீங்கிய கோது அந்த இடத்தில் வீங்கியபடியே இருக்கும். வின்சன்றின் தேய்ந்த குழல் அதைப் பொறுத்துக்கொண்டது. மகளின் இறுக்கமான புதுக் குழல் பொறுக்கவில்லை. இது அவருக்குத் தெரியாததல்ல. கோது நிலத்தில் கிடந்தால் குனியாமல் போக அவரால் முடிவதில்லை, அவ்வளவுதான். குனிந்து எடுத்ததை எறியவும் முடிவதில்லை.

மிச்சம் முந்நூற்றைம்பதையும் அவளுடைய குழலில் போட்டுப் பார்த்தார்கள். அவர் போட்டார், கவிழ்த்தார், நல்லதை இடப்பக்கம் வைத்தார், சிக்கியதை ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் போட்டார். அறுபத்தெட்டு சிக்கின. அன்ரனெற் கதவடியிலிருந்தே இரண்டு தட்டில் றோல்ஸ் நீட்டினாள், ஒருவரும் எடுக்கவில்லை. முடிந்ததும் ஷரோன் குழலை அவர் கையிலிருந்து வாங்கி, இடப்பக்கக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். ‘டொக்.’ இன்னொன்று. ‘டொக்.’

“எல்லாம் பாத்ததுதானே பிள்ளை.”

“ஓம், பாத்ததுதான்,” என்றபடி அடுத்ததை எடுத்தாள். இருநூற்றெண்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். அவர் பக்கத்தில் நின்றார். நிற்க முடியாமல் கதவுவரை போய் வந்தார்.

“கடை ரவை வாங்குவமோ?”

“அது எனக்குப் பழக்கமில்லை. இதையே கொண்டுபோறன்.”

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். வின்சன்ற் கயிற்றுக்குப் பின்னால், மற்றப் பார்வையாளர்களோடு நின்றார். ஷரோன் இருநூற்று நாற்பத்தாறு ரவைகள் சுட்டாள். ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை ரவை அடைத்த மகசினை மாற்றியபோதும், துவக்கை உயர்த்துமுன் தலை குனிந்து, ரவை முழுதாக இறங்கித் துவக்கு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். கண் இமைக்கிற நேரம். முன்பு அவளிடம் அந்தப் பழக்கம் இருக்கவில்லை. முதல் சுற்றிலேயே அவர் அதைக் கண்டார், பிறகு எண்ணத் தொடங்கினார். இருபத்தொரு தரம்.

நாலரை மணிக்கு முடிவுகளை அச்சடித்துப் பலகையில் ஒட்டினார்கள். எட்டாவது ஆளுக்கும் ஒன்பதாவது ஆளுக்கும் இடையில் மூன்று புள்ளி வித்தியாசம். ஷரோன் ஒன்பதாவது.