கடைமுக்குக் குடா

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலோரச் சிறப்பிதழ் ஒன்றுக்கு, அதிகம் பேர் போகாத ஒரு குடாவின் புவியியலையும் குடியேற்ற வரலாற்றையும் எழுதித் தரச் சொன்னார்கள். நான் இருப்பதோ மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம். இங்கே கடல் என்றால் கருவாட்டு வாசனைதான். ஆனாலும் தலையாட்டிவிட்டேன். மூன்று பக்கம் நிலமும் ஒரு பக்கம் தண்ணீரும் இருந்தால் அது குடா. எங்கள் நீர்த்தேக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறது.

கட்டுரை இப்படித் தொடங்கியது: 'பசிய மலைகளின் மடியில் அமைதியாகத் துயிலும் இக்குடாவானது...'

(வேண்டாம். அந்தத் தண்ணீர் தூங்கி நான் பார்த்ததில்லை.)

2

வரலாறு சின்னதுதான். பள்ளத்தாக்கில் ஒரு கடைத்தெரு இருந்தது. அணை கட்டினார்கள், கடைத்தெரு மூழ்கியது. தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயங்கள் மேற்குச் சரிவில் உயரத்தில் இருந்ததால் தப்பின. கடைக்காரர்கள் பஸ் ஓடும் கிழக்குக் கரைக்கு ஏறிப் போனார்கள். நடுவில் குடா. வரைபடத்தில் அதற்குப் பெயரில்லை. சனங்கள் கடைமுக்கு என்கிறார்கள். தெரு திரும்பும் முக்கில், இப்போது கிழக்குக் கரையில் வேன் ஓட்டும் ரிஸ்வியின் வாப்பாவுடைய வாப்பா வைத்திருந்த பலசரக்குக் கடையால் வந்த பெயர் அது.

மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றினால் பழைய தெரு வெளியே வரும். லயத்துச் சனங்கள் மலையைச் சுற்றாமல் அதில் நடந்தே அக்கரைக்குப் போவார்கள். அந்தக் கடைக்கு இப்போது சுவருமில்லை, கூரையுமில்லை. தெருவைவிடச் சற்று உயர்ந்த சிமெந்துத் தரை மட்டும் மிச்சம். அதைக் கடந்து குறுக்கே போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் ஒருவரும் போவதில்லை. தெரு வளைகிற மாதிரியே வளைந்து, முக்கில் திரும்பித்தான் போவார்கள். முதலாளி இல்லாத நேரத்தில் கடைக்குள் நுழைவது மரியாதையா?

(இதை எழுதும்போது சிரித்தேன். நேரில் போனபோது நானும் வளைந்துதான் போனேன்.)

கட்டுரை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். லயத்துச் சண்முகவடிவு விடவில்லை.

3

முதல் வரைவில் சண்முகவடிவை அழ வைத்தேன். 'கண்ணீர் மல்க அந்தத் தாய்...' சரிப்படவில்லை. அவர் கொழுந்து பறிக்கிறவர். பயம் வந்தால் அவருக்கு அழுகை வராது, ஏச்சுத்தான் வரும்.

இந்தப் பங்குனிக் கடைசியில், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் தனுஜாவுக்கு மத்தியானம் வலி கண்டது. சுற்றுப்பாதையில் மண் சரிந்து கிடந்தது. ரிஸ்விக்குப் போன் போட்டார்கள். அவர் வேனைக் கிழக்குக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினார், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. பிளாஸ்டிக் நாற்காலியில் மூங்கில் கட்டி, தனுஜாவை உட்காரவைத்து, நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் பக்கத்து வீட்டுச் செல்லசாமி. மலையில் மழை. குடாவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"மெல்லப் போங்கன்னா ஆடி ஆடிப் போறீங்க! வேகமாப் போங்கன்னா எண்ணி எண்ணி வைக்கிறீங்க!" என்று சண்முகவடிவு நாலு பேரையும் ஏசிக்கொண்டே வந்தார்.

முக்கில் நாற்காலி நின்றது.

"என்னண்ணே நின்னுட்டீங்க?"

"தெருவுல தண்ணி இழுக்குது வடிவு. இனிமே கடைக்குள்ள பூந்துதான் போகணும்."

"அப்பப் போங்களேன்!"

சொல்லிவிட்டார். ஆனால் அவருடைய காலே நகரவில்லை.

(இதை நம்ப முடியாமல் அவரிடமே கேட்டேன். பிள்ளை துடிக்கும்போதா? "நான் என்னங்க செய்ய? சின்னதுல இருந்து வளைஞ்சு போன காலு. நின்னுருச்சு" என்றார்.)

அக்கரையில் ரிஸ்விக்கு விளங்கிவிட்டது. அந்தக் கடையை அவர் கண்ணால் கண்டதில்லை. அது மூழ்கிய பிறகு பிறந்தவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் ஓடிவந்து கத்தினார்:

"செல்லசாமி அண்ணே! உள்ளுக்கு வாங்க! கட தொறந்துதான் ஈக்கி!"

கடை திறந்திருக்கிறது என்று முதலாளி வீட்டு ஆளே சொன்ன பிறகு, சண்முகவடிவு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனார். அப்போதுதான் அழுதார். என் முதல் வரைவு முழுப் பிழையில்லை, இடம்தான் மாறிப்போயிருந்தது. எனக்கு அவரை அந்த இடத்தில் மிகவும் பிடித்துவிட்டது.

பாதித் தரையைத் தாண்டியிருப்பார்கள். "அம்மா, முடியலம்மா, எறக்குங்க!" என்றாள் தனுஜா.

4

வேனுக்குப் போய்ச் சேருமுன்பே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் வேனில் ஆஸ்பத்திரி போய்ச் சுகமாகத் திரும்பினார்கள். அதில் உங்களுக்குக் கவலை வேண்டாம். தகராறு வேறு இடத்தில்.

"எங்கட கடையில பொறந்த புள்ள" என்கிறார் ரிஸ்வி.

"மொதலாளி கடையிலயா பெத்துப்போடுவோம்? வாசலத் தாண்டித் தெருவுக்கு வந்துட்டோம்" என்கிறார் சண்முகவடிவு.

தனுஜாவிடம் கேட்டால், "நான் எடமா பாத்துக்கிட்டு இருந்தேன்?" என்கிறாள்.

நான் இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். ஒன்றை வைத்தால் மற்றவர் மனம் நோகும். சாட்சி சொல்லக்கூடிய அந்த இடமோ இப்போது தண்ணீருக்கு அடியில்.

ஆகவே குடியேற்ற வரலாற்றின் கடைசி வரியை உங்களிடம் விடுகிறேன். அடுத்த பங்குனியில் தண்ணீர் வற்றும்போது அந்தப் பிள்ளை நடை பழகியிருக்கும். அம்மாயி சண்முகவடிவின் விரலைப் பிடித்துக்கொண்டு முக்குவரை வரும். அங்கே விரலை விட்டுவிட்டு, வளைந்து போகுமா, நேரே உள்ளே போகுமா? கரையில் நின்று நீங்களே பாருங்கள். ரிஸ்வி எப்படியும் அங்கேதான் நிற்பார், கடையைத் திறந்து வைத்துக்கொண்டு.