நாலு முடிச்சு இடது, அஞ்சு முடிச்சு வலது

மாப்பிள்ளைக்கு வயது முப்பத்து நான்கு. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை, அவர்கள் அழுது முடிப்பதற்குள் கீழே இறக்கிவிடுவார் என்று கம்பெனியில் பெயர். அப்பேர்ப்பட்டவர் தினமும் காலை எட்டு மணிக்கு, மாமனாரின் மோட்டார் சைக்கிளில் பின்சீட்டில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை போய் இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக. தெருவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அவருக்கு 'பார்சல்' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. பொருத்தமாகத்தான் இருந்தது.

மாமா டெலிபோன் ஆபீஸில் கேபிள் இணைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டிச் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும்; சட்டை மாறும்போது சாவியும் மாறும். ஒருமுறை மாப்பிள்ளை, "நான் வேணா ஓட்டட்டுமா மாமா" என்று கேட்டுப் பார்த்தார்.

"இது புதுக் கைக்கு அடங்காது மாப்பிள்ளே. ஏறுங்க."

ஏறினார்.

வண்டிக்கு வயதாகிவிட்டதால், இன்னும் சாலையில் ஓடலாமா என்று ஆய்வு மைதானத்தில் காட்டிச் சான்று வாங்க வேண்டியிருந்தது. முதல் தடவை தேறவில்லை. காரணம் முன்விளக்கு. அந்த விளக்குக்கு இன்ஜினிலிருந்தே நேராக மின்சாரம் போகும். முறுக்கினால் பளிச்சென்று எரியும். வண்டியை நிறுத்தினால் அழுது வடியும். ஆய்வாளர் குனிந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எரியுதா, இல்ல எரியலாமான்னு யோசிச்சுட்டு இருக்கா?" என்று கேட்டார். அடுத்த திங்கள்கிழமை மறுபடி வரச் சொன்னார். அன்றும் தேறாவிட்டால் வண்டி காயலான் கடைக்கு.

மாமா இரண்டு நாள் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காபியை ஆற்றிக்கொண்டே, சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"கரண்ட் வேலைதானே நீங்க பாக்கறது?"

"ஆமா மாமா."

"லைட்டை நிக்க வையுங்க. திங்கக்கெழம பாஸாச்சுன்னா சாவி உங்களுக்கு."

மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே ஒரு லிஃப்ட் நேராகப் பன்னிரண்டாவது மாடிக்குப் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா நூலகத்துக்குக் கிளம்பியதும் வேலை தொடங்கியது. திட்டம் எளிமையானது. முன்விளக்கை இன்ஜினிடமிருந்து பிரித்து, பேட்டரியிடம் ஒப்படைப்பது. நடுவில் ஒரு ஃப்யூஸ், ஒரு ரிலே. பழைய பல்பு பேட்டரியைக் குடித்தே தீர்த்துவிடும் என்பதால், கொஞ்சமாகக் குடிக்கும் எல்.இ.டி. பல்பு. இரண்டு மணி நேர வேலை.

முன்விளக்குக் கிண்ணத்தைத் திறந்தார். உள்ளே இருந்த ஒயர் எல்லாம் கறுப்பு. ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரே சுருளை வைத்து மாமா எப்போதோ வண்டி முழுவதையும் முடித்திருக்கிறார். அது போதாதென்று ஒவ்வொரு ஒயரிலும் முடிச்சு. ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு, ஒன்றில் ஐந்துகூட. லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குப் பல விஷயங்கள் பிடிக்காது. ஒயரில் முடிச்சு என்பது அந்தப் பட்டியலில் முதலில் வரும். அவர் முனைகளைக் கழற்றி, நிதானமாக, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து நீவி, துணியால் துடைத்து, வரிசையாகத் தொங்கவிட்டார். பார்க்க லட்சணமாக இருந்தது.

மனைவி தண்ணீர் கொண்டுவந்தவள், சொம்போடு அப்படியே நின்றாள்.

"முடிச்செல்லாம் எங்க?"

"அவுத்துட்டேன். ஒரே சிக்கு."

"அது சிக்கில்ல. அது ஒயரோட பேரு."

"என்னது?"

"ஒரு முடிச்சு முன்னாடி லைட்டு. ரெண்டு, பின்னாடி லைட்டு. மூணு ஹாரன். நாலு முடிச்சு இடது, அஞ்சு முடிச்சு வலது. அப்பா ஆபீஸ்ல கேபிளுக்கு அப்படித்தான் போடுவாங்களாம். எனக்குச் சின்ன வயசுல எண்ணக் கத்துக்குடுத்ததே இதுலதான்."

மாப்பிள்ளை ஒயர்களைப் பார்த்தார். ஐந்தும் ஒரே மாதிரி, ஒட்டிப் பிறந்ததுபோலத் தொங்கின.

"அப்பா வந்ததும் கேட்டுக்கோங்க," என்றாள்.

"கேட்டா முடிச்சு எங்கன்னு கேப்பார்."

"கேப்பார்தான்."

"நீ சொல்லாத."

"நான் எதுக்குச் சொல்றேன். கண்ணு தெரியாதா அவருக்கு?" என்று சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை அசரவில்லை. சோதனை விளக்கை எடுத்து, ஒவ்வொரு ஒயராகப் பிடித்து, எது எங்கே போகிறது என்று கண்டுபிடித்து, வண்ண நாடா சுற்றினார். மாமா வந்து பார்த்தால் மூடிய கிண்ணம்தான் தெரிய வேண்டும் என்பதால் கை வேகமாக ஓடியது. கடைசியாகச் சாவியைத் திருப்பினார். முன்விளக்கு இன்ஜின் ஓடாமலேயே நிமிர்ந்து எரிந்தது. ஹாரன் அடித்தது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. இண்டிகேட்டர் சுவிட்சை இடது பக்கம் தள்ளினால், வலது பக்க விளக்கு மினுக்கியது.

முடிச்சை அவிழ்த்த கையோடு எங்கேயோ மாற்றிவிட்டோம் என்று நினைத்தார். வேறு என்ன நினைப்பது? லிஃப்டில் மேலே போக அழுத்தினால் மேலே போக வேண்டும். இரண்டு ஒயரை இடம் மாற்றினார். இடது இடதாயிற்று, வலது வலதாயிற்று. கிண்ணத்தை மூடித் திருகாணியை முறுக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மாமா விளக்கைப் பார்த்தார். எரியவிட்டார், அணைத்தார், மறுபடி எரியவிட்டார்.

"நிக்குது," என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்ததாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

திங்கட்கிழமை மைதானத்தில் பதினோரு வண்டிகள் வரிசையில் நின்றன. லைசென்ஸ் உள்ள யார் வேண்டுமானாலும் ஓட்டிக் காட்டலாம். உரிமையாளர் பக்கத்தில் இருந்தால் போதும். ஆனால் மாமாதான் ஏறினார். அந்த வண்டியில் வேறு யாரும் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை என்பதால் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

முன்விளக்கைப் பார்த்ததும் ஆய்வாளர் முகம் மலர்ந்தது. "யோசிச்சு முடிச்சிருச்சு போல," என்றார். பின்விளக்கு சரி. ஹாரன் சரி. "அப்படியே போய், அந்தக் கம்பத்துக்கிட்ட இடது பக்கம் திரும்புங்க."

மாமா கம்பீரமாகப் போனார். கம்பம் வந்தது. வலது பக்க விளக்கு மினுக்கியது. மாமா இடது பக்கம் திரும்பினார்.

"ஐயா, இடது," என்றார் ஆய்வாளர்.

"இடதுதான் திரும்பினேன்."

"லைட்டு வலது போட்டீங்க."

"இடதுதான் போட்டேன்."

இன்னொரு முறை போகச் சொன்னார். இந்தத் தடவை வலது. மாமா வலது பக்கம் திரும்ப, இடது விளக்கு மினுக்கியது. வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். ஆய்வாளர் பேனாவை மூடினார்.

"ஐயாவுக்கு வயசென்ன?"

"அறுபத்தாறு."

"இடது வலது சரியாத் தெரியுதுங்களா? தப்பா நெனைக்காதீங்க, கேக்கணும்."

மாமா குனிந்தார். தன் இடது கைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ தெரியாதவருடைய விரலைப் பார்ப்பதுபோல. அவர் அப்படி விழித்து மாப்பிள்ளை பார்த்ததில்லை. இரண்டு வருடமாக அந்த முதுகை மட்டுமே பார்த்து வந்தவர் அவர்.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. நேற்று தன் கையில் ஒயர் மாறியிருக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. பேசாமல் நின்றால் தப்பு கிழவரின் தலையில் போகும். முடிச்சுக் கதை மூடிய கிண்ணத்துக்குள்ளேயே இருந்துவிடும். வண்டி மட்டும் போய்விடும், வண்டியோடு சாவியும்.

"சார், அவர்மேல தப்பில்ல. நான்தான் ஒயரை மாத்திட்டேன்."

"முன்னாடி தப்பா இருந்ததைச் சரி பண்ணிட்டீங்களா, சரியா இருந்ததைத் தப்பு பண்ணிட்டீங்களா?"

"தப்பா இருந்ததைச் சரி பண்ணிட்டேன்."

"அப்ப இவ்வளவு வருஷமா எப்படி ஓட்டினார்?"

"சரியாத்தான் ஓட்டினார்."

ஆய்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா மெதுவாக வாயைத் திறந்தார்.

"பழைய சுவிட்சு உடைஞ்சுபோய் வேற வண்டி சுவிட்சு வாங்கிப் போட்டேன். தலைகீழா இருந்துச்சு. ஒயரை மாத்தணும்னா மறுபடி பூராத்தையும் திறக்கணும். கை ரெண்டு நாள்ல பழகிரும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பழகிருச்சு."

பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"முடிச்சை அவுத்தீங்களா?"

"அவுத்துட்டேன் மாமா."

"அஞ்சுமா?"

"எல்லாமே."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா சாவி தர மாட்டீங்கன்னு..."

"தந்திருக்க மாட்டேன்தான்," என்றார் மாமா.

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டில கோளாறு இல்ல. கையிலதான் கோளாறு. சரி பண்ணவரே ஓட்டிக் காட்டட்டும். லைசென்ஸ் இருக்குல்ல?"

மாமா ஸ்டாண்டைப் போட்டார். சாவியை எடுக்கவில்லை. போய்ச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

வண்டி புதுக் கைக்கு அடங்காது என்று அவர் சொன்னது உண்மைதான். இரண்டு தடவை அணைந்தது. ஒரு தடவை ஆய்வாளரின் காலை நோக்கிக் கிளம்பியது. ஆனால் கம்பத்தருகே இடது என்றால் இடது மினுக்கியது, வலது என்றால் வலது. நின்றபோதும் முன்விளக்கு நின்று எரிந்தது. தாளில் முத்திரை விழுந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது யார் முன்னால் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மாமா பின்சீட்டில் ஏறி, தாள் வைத்திருந்த பையை மடியில் வைத்துக்கொண்டார். முதல் திருப்பத்தில் மாப்பிள்ளை சுவிட்சை இடது பக்கம் தள்ளினார். அதே நேரம் பின்னாலிருந்து ஒரு இடது கை விறைப்பாக நீண்டது.

"இண்டிகேட்டர் போட்டிருக்கேன் மாமா."

"தெரியுது. எந்தப் பக்கம் எரியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தார். சாவி வண்டியிலேயே இருந்தது. மாமா பின்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"நூலகத்துல விட்டுட்டு நீங்க அப்படியே வேலைக்குப் போங்க. பையைக் குடுங்க, நான் வச்சுக்கறேன்."

தெருமுனையில் பிள்ளைகள் பார்த்தார்கள். ஒருத்தன் "பார்சல்" என்று ஆரம்பித்து, இப்போது யாரைச் சொல்வது என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டான். வண்டி வலது பக்கம் திரும்பியது. வலது விளக்கு மினுக்கியது. கூடவே ஒரு வலது கையும் நீண்டது.