நங்கூரமிட்ட கப்பல்

இலங்கைத் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தம் கைச்சாத்தான மறுவருடம், லிந்துலைத் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் இயந்திரம் பழுதுபார்க்கும் சோலைமலை, மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிப் பாய்க்கப்பல் ஒன்று செய்துகொண்டிருந்தான். அவன் பாட்டன் அத்தகைய கப்பலில்தான் இக்கரை சேர்ந்தார்.

தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சோலைமலை, ஊருக்குப் போக நீயே கப்பல் கட்டுறியோ? போற நாளைச் சொல்லு, கையசைக்க வாறம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இம்மலையில் பிறந்தவனை வழியனுப்ப இவர் யாரென்று அவன் உள்ளம் கொதித்தது.

ஆயுத பூசையன்று சுத்தியல், அரங்களின் நடுவே கப்பலை வைத்தான். விரிந்திருந்த தகரப் பாய்கள் இப்போது சுருட்டப்பட்டுப் பாய்மரத்தோடு ஒட்டப்பட்டிருந்தன. பித்தளை நங்கூரம் அடிப்பலகையில் இறுகியிருந்தது.

"பாயைச் சுருட்டினால் எப்படி ஓடும்?" என்றார் கிளாக்கர்.

"ஓடாதுங்கய்யா. இது வந்து சேந்த கப்பலு. போறவங்க வேற கப்பல் பாத்துக்கட்டும்."

"தோட்டத்துரை வரப்போறார். எடு அதை."

"பூசையில வச்சத நாளைக்குக் காலை வரைக்கும் நான் தொடமாட்டேங்க. நீங்க வேணும்னா எடுங்க."

நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த கிளாக்கர் கையை நீட்டவில்லை. துரை வந்து நின்றபோதும் கப்பல் அங்கேயே இருந்தது.