காலி வட்டு

காயெம்பா மடிக்கணினியில், அழிந்த கோப்புகளை மீட்கும் கட்டளையை மறுபடி ஓட்டினான். ஒரு கோப்பும் கிடைக்கவில்லை என்றே திரையில் வந்தது. வெளியே கூடாரத்தில் பெரியப்பா சிமியு இருமுவது கேட்டது. தன் தம்பியின், காயெம்பாவுடைய அப்பாவின், உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோக, பூர்வீக ஊரான புங்கோமாவிலிருந்து குலத்துப் பெரியவர்களோடு வண்டியெடுத்து வந்திருந்தார்.

“கெடச்சுதா அண்ணா?” என்றாள் தங்கை நஃபுலா.

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

ஆஸ்பத்திரியில் அப்பா அவனிடம் மட்டும்தான் சொன்னார். “என்னை இங்க கிட்டாலே ஊர்லயே, உங்கம்மா பக்கத்துலயே புதைக்கணும். நீ சொன்னா எங்கண்ணன் ஏத்துக்கமாட்டாரு. என் குரல்லயே புடிச்சு வை.” போனில் பதிவு செய்தான். போன் திருடுபோகும் என்று மடிக்கணினிக்கு மாற்றினான். அப்பா இறந்ததும், இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று புதிய சேமிப்பு வட்டு ஒன்றை வாங்கிச் செருகினான்.

ஒற்றை வரிக் கட்டளைதான். ஓரிடத்தில் இருப்பதை மற்ற இடத்துக்கு நகலெடுக்கும். இங்கே இல்லாதது அங்கே இருந்தால் அழித்துவிடும். அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் அதை அவன்தான் அனுப்புவான். எங்கிருந்து என்பது முதலில், எங்கே என்பது பிறகு, ஓட்டுமுன் ஒத்திகை பார் என்று கீழே எழுதியும் அனுப்புவான். அன்று காலி வட்டை முதலிலும், அப்பாவின் குரல் இருந்த இடத்தைப் பிறகும் போட்டிருந்தான். ஒத்திகை பார்க்கவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. அந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கூடாரத்துக்குப் போனான்.

“எங்கடா உங்கப்பன் குரலு?”

“அழிஞ்சிருச்சு பெரியப்பா.”

“அழிஞ்சிருச்சா! பேங்குக்கே கம்ப்யூட்டர் பாக்குற புள்ளைன்னு ஊரெல்லாம் உங்கப்பன் பீத்திக்கிட்டுத் திரிஞ்சானே!”

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

“நான்தான் தப்பாப் போட்டு அழிச்சிட்டேன். ஆனா அப்பா சொன்னது நெசம்.”

“அண்ணன் பொய் சொல்லமாட்டான் பெரியப்பா,” என்றாள் நஃபுலா.

“பொய்னு நான் சொன்னேனாம்மா?” சிமியு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “எங்கப்பன் பக்கத்துல அவனுக்கு எடம் விட்டு வெச்சிருக்கு. என் காதுல விழாத பேச்சை நம்பி அதைக் காலியா விட முடியுமாடா?”

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பான்.

சவப்பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். வீட்டுக்குப் பின்னால், அம்மாவின் சமாதியை ஒட்டி வெட்டிய குழி திறந்து கிடந்தது.

“வெட்டின குழியை வெறுமனே மூடக்கூடாது,” என்றார் குழி வெட்டியவர். “ஒரு வாழைத்தண்டாவது போட்டுத்தான் மூடணும் தம்பி.”

காயெம்பாவே ஒரு வாழைமரத்தைச் சாய்த்தான். தலையும் இலைகளும் கழித்தபின் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது. ஒரு முனையை நஃபுலா பிடித்துக்கொண்டாள். வெட்டுவாயிலிருந்து வழிந்த நீர் அவனுடைய வெள்ளைச் சட்டையை நனைத்தது. சாலையில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

குழிக்குள் இறங்கி, ஓசை எழாமல் அதைக் கிடத்தினான்.