நீலப் பட்டைத் தயிர் டப்பா

மணி ஒன்று அடித்துவிட்டால் போதும், குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் பதிவறையில் இரண்டு பெண்கள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மூத்தவளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். கோப்பு அலமாரிகளின் சாவிக்கொத்து எப்போதும் இடுப்பில் தொங்குவதால் எல்லாருக்கும் அவள் அலமாரி அக்கா. இளையவள் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதுவும் தற்காலிக வேலை. மீட்டர் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பார்ப்பதால் அவள் மீட்டரம்மா.

அன்றும் மீட்டரம்மா பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்தாள். வெள்ளை டப்பா, சுற்றிலும் நீலப் பட்டை, அதில் கொட்டை எழுத்தில் 'கிரீக் யோகர்ட்'. மூடியைத் திறந்தால் கரண்டியை நட்டால் சாயாமல் நிற்கிற தயிர். மேலே நாலு துண்டு பழம், ஒரு சொட்டுத் தேன். ஒரு வாய் போட்டுக்கொண்டு மீட்டரம்மா கண்ணை மூடி ரசித்தாள். எதிரே அலமாரி அக்கா தன் கவளத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

இந்த டப்பாவை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பெரிய கடையின் குளிர்பெட்டிக்கு முன்னால் ஒருநாள் நின்றிருக்கிறாள். கையில் எடுத்தாள், விலையைப் பார்த்தாள், சூடு பட்டதுபோல் திரும்ப வைத்துவிட்டு வந்தாள். இருபத்திரண்டு வருடம் உழைத்த தன்னால் ஒரு தடவை வாங்க முடியாததை, நேற்று வந்தவள் தினம் தின்கிறாளே!

"அக்கா, ஒரு ஸ்பூன் எடுத்துக்கோங்க."

"வேண்டாம்மா, எனக்குச் சளி."

சளியும் இல்லை, இருமலும் இல்லை. இப்படியே ஆறு மாதம் சளி பிடித்த பிறகு ஒருநாள் வாங்கிச் சாப்பிட்டுத்தான் பார்த்தாள். புளிப்பே தெரியாமல் நாக்கில் அப்படியே கரைந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் அன்றோடு மனசு ஆறியிருக்கும். பாவி மகள் கொடுத்த தயிர் பிரமாதமாக இருந்து தொலைத்தது.

"எங்கேம்மா வாங்குற?" என்றாள், அக்கறையில்லாதவள் போல.

"வாங்கறதா? நம்ம சம்பளத்துக்கா? வீட்டுலதான்க்கா பண்றேன்" என்று மீட்டரம்மா சிரித்தாள்.

சிரித்தாளா, அது போதும். கம்பெனி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் பண்ணினேன் என்கிறாளே, யார் காதில் பூச்சுற்றுகிறாள்? மறைக்கிறாள் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது. மீட்டர் கேட்டு வருகிறவன் எவனோ கையில் பணத்தை அழுத்திவிட்டுப் போகிறான். அக்காவின் மனசு இப்படி விறுவிறுவென்று ஒரு கதை கட்டி, தானே அதை நம்பியும்விட்டது. எப்படிப் பண்றே என்று அடுத்த கேள்வி ஒன்று கேட்டிருக்கலாம். வயிறு எரிகிறவர்களுக்கு அந்தக் கேள்வி வாயில் வராது.

அந்த வாரம்தான் மீட்டரம்மாவின் பெயர் நிரந்தரமாக்கும் பட்டியலில் சேர்ந்திருக்கிறது என்ற செய்தி வந்தது. அலுவலகமே கைகொடுத்தது. அக்காவும் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் கொட்டினாள்.

"அவ தயிர் தின்னா உனக்கென்னடி? உனக்கு வேணும்னா நீயும் தின்னு" என்றார் பஸ் ஓட்டும் அந்த மனிதர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

நியாயமான பேச்சு யாருக்கு இனித்திருக்கிறது? மறுநாள் காலை அவர் டூட்டிக்குப் போனதும் அக்கா இடது கையால் ஒரு மொட்டைக் கடிதாசி எழுதினாள். மேனேஜரே வாங்க யோசிக்கிற தயிரைத் தற்காலிகப் பெண் ஒருத்தி தினம் சாப்பிடுகிறாள், பணம் எங்கிருந்து வருகிறது என்று ஆரம்பித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். தாளில் பாதி காலியாக இருந்தது. 'விண்ணப்பம் போடுகிறவர்களிடம் கைநீட்டி வாங்குகிறாள், நான் கண்ணால் பார்த்தேன்' என்று இன்னொரு வரியும் சேர்த்தாள். அதைத் தபாலில் போட்ட பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

பத்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்து இறங்கினார். பேச்சுக் குறைவான மனிதர். காலையிலிருந்து மீட்டரம்மா பார்த்த விண்ணப்பங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மதியம் அவளை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார், சாப்பாட்டுப் பையோடு. கொஞ்ச நேரத்தில் அலமாரி அக்காவுக்கும் ஆள் வந்தது. "நீங்கதானே அவங்ககூட தினமும் சாப்பிடறது? சாட்சிக்கு வாங்க."

அக்கா சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அறைக்குள் மேனேஜர் மேசை மேல் அந்த டப்பா இருந்தது. பக்கத்தில் இடது கைக் கடிதாசி. மீட்டரம்மாவின் முகம் வெளுத்திருந்தது. மூன்று வருடமாக எந்தக் காகிதத்துக்காகக் காத்திருந்தாளோ, அது வருகிற வாரத்தில் இப்படி ஒன்று வந்து நிற்கிறது. அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

"இதைத் தினமும் வாங்கறீங்களாமே?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். வீட்டுல பண்றது."

அதிகாரி டப்பாவைத் தூக்கி, அதன் அடிப்பக்கத்தை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கழுவிக் கழுவி மங்கிப்போயிருந்த எழுத்து. மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. படித்துவிட்டு மேனேஜரிடம் நீட்டினார்.

"இந்தத் தயிர் கெட்டுப்போய்ப் பதினோரு மாசம் ஆகுதுங்க. தேதி போட்டிருக்கு."

மேனேஜரும் பார்த்தார். மீட்டரம்மா விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு டப்பாதான் சார், என் வாழ்க்கையிலேயே வாங்கினது. மூடி நல்லா இறுக்கமா இருக்கும், பையில கொட்டாது. அதனால தூக்கிப் போடல. உள்ளே இருக்கறது சாதாரணத் தயிர் சார். பாலை நல்லாக் காய்ச்சி, விரல் பொறுக்கற சூடு வந்ததும் ஒரு ஸ்பூன் தயிர் உறை ஊத்துவேன். உறைஞ்சதும் பழைய வேட்டித் துணியில கட்டி, ஒரு சல்லடை மேலே வெச்சு, அதை ஒரு பாத்திரத்து மேல உக்கார வெச்சு ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிடுவேன். காலையில பாதித் தண்ணி வடிஞ்சு கெட்டியாயிருக்கும். அந்தத் தண்ணியிலதான் ரொட்டி மாவு பிசையறேன், அதையும் கொட்டறதில்லை. பால் காசைத் தவிர வேற செலவு கிடையாது சார். வீட்டுக்கு வந்து பாருங்க, துணி காயப் போட்டிருக்கு."

அதிகாரி வந்த வேலை முடிந்துவிட்டது என்று அக்கா கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"ஆனா கண்ணால பார்த்தேன்னு ஒரு வரி இருக்கே" என்றார் அதிகாரி, கடிதாசியைத் தட்டி. "விண்ணப்பத்துல ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் எழுதினவங்க வந்து பொய்யின்னு சொல்லணும், இல்லேன்னா முறைப்படி விசாரணை நடக்கணும். அதுக்கு மூணு மாசம் ஆகும். பட்டியல் நாளைக்கு மூடுது. இவங்க பேரை எடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்லை." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "கூடவே உக்காந்து சாப்பிடறீங்க. இது வீட்டுத் தயிருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் அக்கா தப்பித்தாள். சாவிக்கொத்து இடுப்பிலேயே இருக்கும். மீட்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், இந்த அறையில் தனக்கு இருக்கிற ஒரே மனுஷி இவள்தான் என்பதுபோல. அந்தப் பார்வையைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"தெரியும் சார். என்கிட்ட சொன்னா. நான்தான் நம்பல." கடிதாசியைக் காட்டினாள். "எழுதினதும் நான்தான். கண்ணால எதையும் பார்க்கல. வயித்தெரிச்சல் சார். வேற ஒண்ணுமில்லை."

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை வலது கையால் எழுதி, பெயரும் போட்டாள். மறுநாள் மீட்டரம்மாவின் பெயர் பட்டியலில் நிலைத்தது. அலமாரி அக்காவுக்கு மெமோ வந்தது. சாவிக்கொத்து வேறு ஒருவர் கைக்குப் போனது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் இடுப்பு சத்தம் போடாமல் நடந்தது.

மீட்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிடும் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள். பதிவறையில் அக்கா எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். இதற்கு மெமோவே தேவலை என்றிருந்தது.

ஐந்தாம் நாள் அக்கா ஒரு எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மீட்டர் பிரிவுக்கே போனாள். மீட்டரம்மாவின் முன்னால் திறந்து வைத்தாள். உள்ளே மணல்மணலாக, திரிந்தது மாதிரி ஏதோ ஒன்று.

"நானும் பண்ணிப் பார்த்தேன்மா. உன்னுது மாதிரி வரல" என்றாள். நின்றுகொண்டே, ஒரு வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டாள். "எப்படிப் பண்றே?"

மீட்டரம்மா அந்த டப்பாவைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எனக்கும் ஒருநாள் வயிறு எரிஞ்சுதுக்கா. வந்த புதுசு. ஒருநாள் மேனேஜர் இதே நீலப் பட்டை டப்பாவை வெச்சுச் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். நமக்கெல்லாம் இது கிடைக்குமான்னு அன்னிக்குப் பூரா மனசே சரியில்லை. கடைசியில போன வருஷம் ஒண்ணு வாங்கித் தின்னு பார்த்தேன். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பாலைக் காய்ச்சினேன். நீங்க வீட்டுக்குப் போய் லெட்டர் எழுதினீங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிரிவில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. விழட்டும். நம் எல்லார் காதிலும் விழவேண்டிய பேச்சுதான் அது. அடுத்தவர் தட்டைப் பார்த்து ஆசைப்படுவது ஒன்றும் குற்றமில்லை. அந்த ஆசையோடு நம் வீட்டு அடுப்படிக்குப் போகிறோமா, அடுத்தவர் வேலைக்கே உலை வைக்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெயர் போடாமல் எழுதுகிற ஒரு வரி ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறித்துவிடும்.

மீட்டரம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"துணியைப் பிழிஞ்சீங்களா?"

"சீக்கிரம் ஆகட்டும்னு பிழிஞ்சேன்."

"பிழியக் கூடாதுக்கா. தானா வடியணும். நேரம் ஆகும்" என்றாள் மீட்டரம்மா. அவள் இன்னும் சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த கோப்புகளை எடுத்துக் கீழே வைத்தாள்.